ஹெட்ஸ் அப் கன்கஷன் பயிற்சி: சான்றிதழ் சுலபம், பிள்ளையை வெளியே கூப்பிடுவதுதான் பாடு

எங்கள் பக்கம், அதாவது சியாட்டிலுக்குக் கிழக்கே, பள்ளிக் கால்பந்து அணிக்கு உதவிக் கோச்சாக வரட்டுமா என்று கேட்டால், பந்து உதைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பின்னணிச் சோதனைக்கு ஒரு கையெழுத்து, முதலுதவிச் சான்றிதழ், அப்புறம் கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்குகிற காயம் பற்றிய பயிற்சி முடித்த சான்றிதழ். மூன்றும் வந்த பிறகுதான் விசிலையே கையில் கொடுப்பார்கள். அந்த மூன்றாவதுக்காக நான் முடித்தது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ‘ஹெட்ஸ் அப்’ இணையப் பயிற்சி. நம் ஆட்கள் நிறையப் பேர் பிள்ளைகளின் அணிகளுக்குத் தன்னார்வலர்களாகப் போகிறார்கள். சீசன் தொடங்கும்போதெல்லாம் வாட்ஸப் குழுவில் “எந்தக் கோர்ஸ் எடுக்கணும், எவ்வளவு நேரம் ஆகும், பரீட்சை கஷ்டமா” என்று யாராவது கேட்கிறார்கள். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவசரமாகத் தெரிய வேண்டியவர்களுக்கு: காசு கிடையாது, ஒரு மணி நேரத்துக்குள் முடியும், எடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தலையில் அடிபட்ட பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்பதை இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடையாளம் கண்ட பிறகு அந்தப் பிள்ளையையும், அதைப் பெற்றவர்களையும், சில நேரம் தலைமைக் கோச்சையும் எப்படிச் சமாளிப்பது என்ற இடத்தில்தான் பயிற்சி நம்மை நடு மைதானத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இதெல்லாம் ஏன் கட்டாயமானது என்பது எங்கள் மாநிலத்துக் கதை, அதைச் சொல்லிவிடுகிறேன். 2006 அக்டோபரில் மேப்பிள் வேலி என்ற ஊரில், 13 வயது ஸாக்கரி லிஸ்டெட் என்ற பையன் பள்ளி அணிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான். எதிரணிப் பையனை மடக்கி விழுந்ததில் தலை தரையில் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்தார்கள், இடைவேளைக்குப் பிறகு திரும்பவும் இறக்கினார்கள். ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்திலேயே சரிந்து விழுந்தான். ஹெலிகாப்டரில் சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மண்டையோட்டை இரண்டு பக்கமும் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்தான். ஆனால் பேச்சு திரும்பவே பல மாதங்கள் ஆயின, எழுந்து நடக்க வருஷக்கணக்கில். 2009 மே மாதம் வாஷிங்டன் மாநிலம் அவன் பெயராலேயே அறியப்படுகிற சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் சொல்வது எளிமையானதுதான்: பெற்றோரும் பிள்ளையும் வருஷா வருஷம் தகவல் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், அதற்கான பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டம் ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது. சீசன் ஆரம்பத்தில் ஆன்லைனில் படிக்காமலே டிக் அடித்துவிட்டுப் போகிறோமே, அந்தத் தாள் இந்தப் பையனால் வந்தது.

சரி, பயிற்சிக்கு வருவோம். சிடிசி 2003இலிருந்தே ஹெட்ஸ் அப் என்ற பெயரில் வேலை செய்கிறது. முதலில் மருத்துவர்களுக்கு, பிறகு பள்ளிக் கோச்சுகளுக்கு, அப்புறம் எல்லாச் சிறுவர் விளையாட்டுக்கும். கணக்குத் தொடங்கி உள்ளே போனால் பகுதி பகுதியாகப் பாடம், நடுநடுவே வீடியோ, குட்டிக் கேள்விகள், கடைசியில் ஒரு தேர்வு. கன்கஷன் என்றால் என்ன என்று ஆரம்பிக்கிறது. தலையில்தான் அடி விழ வேண்டும் என்பதில்லை, உடம்பில் விழுந்த ஓர் இடியே தலையை வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், உள்ளே மூளை குலுங்கி, முறுக்கிக்கொண்டு, அதன் ரசாயனச் சமநிலை கலைந்துவிடும். முதுகில் இடிபட்டு விழுந்த பிள்ளைக்குத் தலையில் வீக்கமே இருக்காது, ஆனாலும் கன்கஷன் இருக்கலாம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதற்கே பயிற்சியை எடுக்கலாம்.

அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அறிகுறிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நாம் வெளியிலிருந்து பார்ப்பவை ஒரு பக்கம்: திகைத்துப்போன பார்வை, சொன்ன வேலையை மறப்பது, ஸ்கோர் தெரியாமல் விழிப்பது, தடுமாறி நடப்பது, கேட்டதற்கு ரொம்ப நேரம் கழித்துப் பதில் சொல்வது, காரணமில்லாமல் எரிந்து விழுவது அல்லது அழுவது, அடிபடுவதற்கு முன்னாலோ பின்னாலோ நடந்தது நினைவில்லாமல் போவது. பிள்ளை தானாகச் சொன்னால் மட்டும் தெரிபவை இன்னொரு பக்கம்: தலைவலி, குமட்டல், தலைசுற்றல், இரண்டிரண்டாகத் தெரிவது, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருப்பது, “என்னவோ போல இருக்கு” என்கிற அந்தச் சொல்லத் தெரியாத உணர்வு. பெரும்பாலான கன்கஷனில் நினைவு தப்பவே தப்பாது. நம் ஊரில் அடிபட்டவன் மயங்கி விழுந்தால்தான் பெரிய அடி, எழுந்து நின்றுவிட்டால் தண்ணீர் தெளித்து, தட்டிக்கொடுத்து, “ஒண்ணும் இல்லடா, ஓடு” என்று அனுப்பிவிடுவதுதானே வழக்கம். கபடியில் தலையும் முழங்காலும் மோதி எழுந்தவனைப் பார்த்துக் கைதட்டியே வளர்ந்த எனக்கு இந்தப் பட்டியல் நன்றாகவே உறைத்தது.

இது மைதானத்தில் எப்படி உதவுகிறது என்று ஒரு சம்பவம். எங்கள் பெண்கள் அணிக்கு ஒரு பயிற்சி ஆட்டம். உயரப் பந்துக்கு இரண்டு பெண்கள் ஒன்றாகக் குதித்து மோதிக்கொண்டார்கள், சத்தம் பெஞ்சு வரை கேட்டது. ஒருத்திக்கு உதடு கிழிந்து ரத்தம், ஒரே அழுகை, எல்லோரும் அவளிடம் ஓடினோம். இன்னொருத்தி எழுந்து, காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு, அமைதியாகக் கோட்டுக்கு அருகில் போய் நின்றாள். நல்ல பிள்ளை, வலியைத் தாங்கிக்கொள்கிறாள் என்றுதான் தோன்றும். ஆனால் அவள் போய் நின்றது எதிரணியின் த்ரோ-இன் எடுக்க. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போடுவது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கிட்டே போய், “ஸ்கோர் என்னம்மா?” என்றேன். கொஞ்சம் யோசித்து, சந்தேகமே இல்லாத குரலில், முந்தைய வாரத்து ஆட்டத்தின் ஸ்கோரைச் சொன்னாள். உதடு கிழிந்தவளுக்கு ஐஸ் வைத்ததும் சரியாகிவிட்டது. கன்கஷன் இந்தப் பெண்ணுக்குத்தான். மருத்துவர் பார்த்து உறுதி செய்தார், திரும்ப ஆடச் சில வாரம் பிடித்தது. சத்தம் போடுகிறவளைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கிறவளையும் பார்க்க வேண்டும் என்று அந்த ஒரு மணி நேரப் பயிற்சி என் கண்ணைப் பழக்கியிருந்தது. அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு அடுத்த ஐந்து நிமிடத்துக்குப் பயிற்சி எனக்கு எதுவுமே தரவில்லை. அவளை வெளியே உட்கார வைத்ததும் அப்பா வந்துவிட்டார், நல்ல மனிதர், எனக்கு வேண்டியவரும்கூட. “அண்ணா, மதியம் சரியா சாப்பிடல அவ, அதான். ஜூஸ் குடிச்சா சரியாயிடும், கடைசி பத்து நிமிஷம்தானே, விடுங்க.” பின்னாலிருந்து மகள், “கோச், எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஆடுறேன்.” அந்தப் பக்கம் தலைமைக் கோச், மாற்று ஆள் இல்லையே என்ற முகத்தோடு. பயிற்சியில் இந்த இடத்துக்கு இருப்பது ‘பெற்றோருக்குத் தெரிவியுங்கள், தகவல் தாளைக் கொடுங்கள்’ என்ற அளவில்தான். எந்த வார்த்தையில் தெரிவிப்பது? பெற்றவர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? உதவிக் கோச் வெளியே என்கிறார், தலைமைக் கோச் உள்ளே என்கிறார் என்றால் யார் சொல்வது நிற்கும்? பிள்ளைகள் அறிகுறியை மறைப்பார்கள் என்று எச்சரிக்கிறார்கள், நல்லது. மறைக்கிற பிள்ளையிடம் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று ஒரு வீடியோவில் நடித்துக் காட்டியிருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும். “தலை வலிக்குதா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். “இப்ப தலை எப்படி இருக்கு, வழக்கமா இருக்கிறதுக்கும் இப்பவும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டால் பாதிப் பேராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். இதை நானாகத்தான் பழகினேன்.

அதனால் பயிற்சியை முடித்தவர்களுக்கு என் யோசனை, முதல் ஆட்டத்துக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்திலாவது நின்று, கோச்சுகள் இரண்டு பேரும் அந்த வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஒருவர் கோபக்கார அப்பா, இன்னொருவர் கோச். “இன்னைக்கு அவ ஆட மாட்டா. இது என் முடிவு இல்ல, சட்டம். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நானே கூப்பிடுறேன்” என்ற மூன்று வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தால் போதும், சட்டத்தைக் காட்டினால் நட்புக்குச் சேதம் வராது. எங்கள் அணியில் சீசன் தொடக்கத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டோம்: கோச்சுகளில் யார் ஒருவர் வெளியே என்றாலும் வெளியேதான், இன்னொருவர் அதை மாற்றக் கூடாது. அதன் பிறகு வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது. பெரிய உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பதற்கென்றே அத்லெடிக் டிரெய்னர் ஒருவர் இருப்பார், முடிவு அவர் கையில். நடுநிலைப் பள்ளியிலும் ஊர் அணிகளிலும் அப்படி ஆள் கிடைப்பது அபூர்வம். அங்கே கையில் ஐஸ் பையோடு நிற்கிற தன்னார்வக் கோச்தான் எல்லாம்.

அபாய அறிகுறிகள் பகுதியில் குறையே இல்லை. ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சு குழறுவது, கைகால் மரத்துப்போவது அல்லது பலவீனம், குழப்பம் அதிகமாவது, ஆளைத் தெரியாமல் போவது, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு நொடியாவது நினைவு தப்புவது. இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 911. இந்தப் பட்டியலை மட்டும் அச்செடுத்து முதலுதவிப் பையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, கோயம்புத்தூர்க்காரர், “தூங்க உட்றாதீங்க கண்ணு, ராத்திரி பூரா உக்கார வெச்சு பேசிட்டே இருங்க” என்று என்னிடம் சொன்னார். நம் எல்லோர் வீட்டிலும் இந்த நம்பிக்கை இருக்கிறது. மருத்துவர் பார்த்தாயிற்று, அபாய அறிகுறி ஒன்றும் இல்லை என்றால் பிள்ளை தூங்கலாம், மூளைக்கு அது நல்லதுதான். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றால்தான் ஆபத்து. அதேபோல சி.டி. ஸ்கேன். “ஸ்கேன் நார்மல், அப்போ சனிக்கிழமை ஆடலாம்ல?” என்று கேட்காத பெற்றோர் கிடையாது. ஸ்கேன் எடுப்பது உள்ளே ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் சாதாரணமாக அதில் தெரியாது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிற பிள்ளைக்கும் கன்கஷன் இருக்கலாம். இந்த விஷயத்தைப் பயிற்சி இன்னும் பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும். நம் சமூகத்தில் நாள் முழுக்கக் கேட்கப்படுகிற கேள்வி இது.

கடைசித் தேர்வு, சொல்லப்போனால் தேர்வே இல்லை. எது சரியான விடை என்று கேள்வியைப் படிக்காமலே தெரியும். ‘பிள்ளையைத் திரும்ப ஆட விடுவேன்’ என்பதை யார் தேர்ந்தெடுப்பார்கள்? தப்பினாலும் மறுபடி எழுதலாம். வீடியோவை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு இன்னொன்றில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே சான்றிதழ் வாங்கியவர்கள் எனக்குத் தெரியும். அவர்களை மைதானத்தில் பார்த்தாலும் தெரியும்.

பள்ளி அணிகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி, என்எஃப்எச்எஸ் (அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) தளத்தில் உள்ள ‘கன்கஷன் இன் ஸ்போர்ட்ஸ்’ என்ற கோர்ஸ். அதுவும் இலவசம், சான்றிதழும் உண்டு, உயர்நிலைப் பள்ளிக் கோச்சுகளை மனதில் வைத்துச் செய்தது. சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் பள்ளி எதைக் கேட்கிறதோ அதை எடுங்கள், இரண்டையும் எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மிச்ச நேரத்தில் சிஆர்டி6 (CRT6, கன்கஷனை அடையாளம் காண உதவும் தாள்) என்று தேடி, அதை இறக்கிக்கொள்ளுங்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டுக் கன்கஷன் பற்றிக் கூடிய சர்வதேச மாநாட்டிலிருந்து வந்தது, மருத்துவம் படிக்காதவர்கள் மைதானத்தில் வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. ‘இன்று எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாக யார் கோல் போட்டார்கள், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா’ என்ற ஐந்து கேள்விகள் அதில் இருக்கின்றன. 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்கலாம். ஒன்று தப்பினாலே சந்தேகம்தான். ஐந்தும் சரியாகச் சொல்லிவிட்டதால் கன்கஷன் இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். அடிபட்ட பிள்ளையை முதல் சில மணி நேரம் தனியாக விடாதே, தனியாக வீட்டுக்கு அனுப்பாதே, வண்டி ஓட்ட விடாதே என்பதும் அதிலேயே இருக்கிறது. பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கிவிடுகிற நாட்டில் அந்தக் கடைசி வரி முக்கியம், ஆட்டம் முடிந்ததும் சாவியைச் சுழற்றிக்கொண்டே காரை நோக்கிப் போய்விடுவார்கள். மைதானத்தில் நிற்கும்போது என் சட்டைப்பையில் இருப்பது இந்தத் தாள்தான்.

திரும்ப ஆட வைப்பது ஆறு படி. முதலில் பள்ளிக்கூடமும் வழக்கமான வேலைகளும், அப்புறம் ஐந்து பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் வேகம், பிறகு யாரோடும் மோதாத கடுமையான பயிற்சி, அதன்பின் முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், அறிகுறி திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். படிகளைப் பயிற்சி தெளிவாகவே சொல்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிறது. நம் வீடுகளில் பிரச்சினையே அங்கேதான், ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவார்கள், அந்த நேரத்தை வீணாக்காதே என்று கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் கூமோன் டியூஷன், ராத்திரி லேப்டாப். முதல் 48 மணி நேரம் திரையைக் குறைக்க வேண்டும், வீட்டுப் பாடத்தைக் குறைத்துத் தரும்படி ஆசிரியரிடம் பெற்றோரே கேட்கலாம், பள்ளியில் அதற்கு ஏற்பாடு உண்டு. முழுப் பாடத்துக்குத் திரும்பாத பிள்ளை முழு ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. இதற்கு நேரெதிர்க் கோஷ்டியும் உண்டு, ஜன்னலை மூடி இருட்டு அறையில் ஒரு வாரம் படுக்கப் போடுகிறவர்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஓரிரு நாள் அடக்கமாக ஓய்வு, அதன் பிறகு லேசாக நடமாட விட்டால்தான் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதுதான் ஆம்ஸ்டர்டாம் அறிக்கையின் நிலை.

அடுத்த குறை, நம்மவர்களுக்கே உரியது. கிரிக்கெட் என்ற சொல் எங்கேயும் என் கண்ணில் படவில்லை. அமெரிக்கப் பயிற்சி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் ஹார்டு பால் ஆடுகிற சிறுவர் அணிகள் எத்தனை, கோச்சுகள் பாதிப் பேர் நம் ஆட்கள். ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது; கன்கஷனே வராத ஹெல்மெட் எதுவும் கிடையாது என்று பயிற்சி சொல்வதை அவர்கள் அவசியம் கேட்க வேண்டும். கிரிக்கெட் உதாரணம் வேண்டுமென்றால் நானே தருகிறேன். 2020 டிசம்பர் 4, கான்பெரா, நம்ம சேலத்து நடராஜனின் முதல் டி20 சர்வதேச ஆட்டம் என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்று கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் அந்த ஓவரை ஆடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார், இடைவேளையில்தான் கன்கஷன் என்று சொல்லி சாஹலை மாற்று ஆளாக இறக்கினார்கள். சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆகிவிட, ஆஸ்திரேலியக் கோச் லாங்கர் மேட்ச் ரெஃப்ரியிடம் போய்ச் சண்டை போட்டதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடி விழுந்ததும் தெரியாமல் கொஞ்ச நேரம் கழித்து அறிகுறி வருவது சாதாரணம் என்பதை நான் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ஐசிசி இந்த மாற்று ஆள் விதியை 2019 ஆகஸ்டில்தான் கொண்டுவந்தது. அதே மாதம் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து பட்ட ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அன்றும் ஸ்மித் அடிபட்டு வெளியே போய், திரும்பி வந்து ஆடினார், மறுநாள்தான் விலக்கினார்கள். சுற்றிலும் டாக்டர்கள் நிற்கிற இடத்திலேயே இந்த நிலை.

கால்பந்துக்காரர்களுக்கு ஒன்று. அமெரிக்கக் கால்பந்துச் சங்கமான யுஎஸ் சாக்கரின் விதிப்படி 10 வயதும் அதற்குக் கீழும் பந்தைத் தலையால் அடிக்கவே கூடாது. 11 முதல் 13 வரை பயிற்சியில் வாரம் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, ஒரு பிள்ளைக்கு 15 இலிருந்து 20 முறைக்கு மேல் கூடாது. 2016இலிருந்து இருக்கிற விதி, பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. பஞ்சு வைத்த தலைப்பட்டையை நாற்பது டாலர் கொடுத்து வாங்கி வந்து “இது போட்டா சேஃப் தானே” என்று கேட்கிறார்கள். விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் தெரியவில்லை. நெற்றி கிழியாமல் இருக்க வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

வேறு நாட்டில் இருக்கிறவர்கள் இதை எடுக்கத் தேவையில்லை. ஸ்காட்லாந்து 2015இலேயே எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தது, 2023 ஏப்ரலில் அது பிரிட்டன் முழுவதற்கும் ஆனது. அமெரிக்காவை விடக் கறாரானது: அடிபட்டு 21 நாள் ஆகாமல் போட்டியே கிடையாது, அதிலும் கடைசி 14 நாள் ஓய்வில் இருக்கும்போது எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. லண்டன் பக்கம் தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழா நடத்துகிறவர்கள் அந்தத் தாளைப் படித்தாலே போதும். டொரண்டோக்காரர்களுக்கு ரோவன் சட்டம் தெரிந்திருக்கும். ஒட்டாவாவில் 2013 மே மாதம் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்த 17 வயது ரோவன் ஸ்டிரிங்கரின் பெயரில் ஒன்டாரியோ 2018இல் கொண்டுவந்தது. அந்தப் பெண் அந்த வாரத்தில் முன்பே அடிபட்டிருந்தாள், தனக்குக் கன்கஷனோ என்று போனில் தேடிப் பார்த்திருக்கிறாள், பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடி ஏன் இவ்வளவு பயங்கரம் என்பதை எங்கள் அணிக்கு விளக்க இந்தக் கதையைச் சொல்கிறேன், ஹெட்ஸ் அப் பாடத்தில் அந்தப் பகுதி ரொம்ப மென்மையாக இருக்கிறது.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. சிடிசியின் துண்டறிக்கைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கிடைக்கின்றன, தமிழில் இல்லை. அப்பா அம்மாவுக்குப் பரவாயில்லை. ஆனால் பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது பல வீடுகளில் தாத்தா பாட்டிதான். அபாய அறிகுறிகளை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் நான் எழுதி வைத்திருக்கிறேன், எங்கள் கிளினிக் டாக்டர் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். அந்தக் கோயம்புத்தூர்ப் பாட்டி அதைப் படித்துவிட்டு, தூங்க விடலாம் என்ற வரியின் பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.

சான்றிதழ் வந்ததும் பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சீசனில் பள்ளி அலுவலகம் மறுபடி கேட்கும்போது பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது.